ஆனைமலைச் சரிவில் ஒயின் திராட்சை வருமா?

ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை, போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கு. செங்குத்தான மலையில் படிப்படியாகத் திராட்சைக் கொடிகள், கீழே ஆறு. இந்தப் படங்கள் வாட்ஸப்பில் வரும்போது அடியில் ஒரு வரியும் சேர்ந்து வருகிறது: "நம்ம வால்பாறையிலயும் இது முடியும்." இரண்டு வருடமாக இதைப் பல பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பதால்தான் இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

காரணம் தென்னை. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் சுருள் வெள்ளை ஈ வந்தது. அது அடங்குவதற்குள் கேரளா வாடல் நோய் ஆனைமலை வட்டாரத் தோப்புகளுக்குள் இறங்கிவிட்டது. வாடலுக்கு மருந்து கிடையாது. மரத்தை வெட்டி அப்புறப்படுத்தத்தான் சொல்கிறார்கள். தோப்பை இழந்தவர் அடுத்து என்ன வைக்கலாம் என்று தேடுகிறார். தேடுகிற இடத்தில் தரகர்களும் நிற்பார்கள், சொல்லவா வேண்டும்!

என் மாமாவுக்கு ஆனைமலைப் பக்கம் தோப்பு. ஒருவர் அவரிடம் மலையடிவாரத்தில் ஒரு சரிவு நிலத்தைக் காட்டி, ஒயின் திராட்சை போட்டால் ஐந்தாவது வருடம் போட்ட பணம் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் மாப்ளே, அந்தச் சரிவுக் காட்டுல திராச்ச வருமா?" என்று கேட்டார்.

"கொடி வர்றது வேறைங்க மாமா, காய்க்கிறது வேற. காய்ச்சது அழுகாமப் பழுக்கறது அதைவிட வேற. கொஞ்சம் பொறுங்க, பாத்துச் சொல்றேன்" என்றேன்.

பார்த்ததில் எனக்குப் புரிந்தது இது. "மலைத் திராட்சை" என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: சரிவு, உயரம், மழை. ஐரோப்பிய படத்தில் மூன்றும் சேர்ந்தே தெரிவதால் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனைமலையில் மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

சரிவு எதற்கு?

மோசெல் பகுதி வட அட்சரேகை 50 டிகிரியில் இருக்கிறது. அங்கே பழம் பழுப்பது செப்டம்பர், அக்டோபர் மாதங்களில். அக்டோபர் நடுவில் உச்சிப்பொழுதில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சமதரையில் வெயில் சாய்வாக விழுவதால், நேராக விழுந்தால் கிடைக்கக்கூடிய வெயிலில் பாதிதான் தரைக்குக் கிடைக்கும். அதே இடத்தில் தெற்கே பார்த்த 30 டிகிரி சரிவு இருந்தால் கிட்டத்தட்ட 88 சதவீதம் கிடைக்கிறது. பழுக்கும் மாதத்தில் இவ்வளவு கூடுதல் வெயில் என்பதால்தான் அவர்கள் நிற்கவே முடியாத மலையில் ஏறினார்கள். அங்கே சில தோட்டங்கள் 60 டிகிரிக்கு மேல் செங்குத்தானவை. போதாததற்குச் சிலேட்டுக் கல் பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் கொடிக்குக் கொடுக்கிறது.

இப்போது நம் ஊர்க் கணக்கு. வால்பாறை 10 டிகிரி சொச்சத்தில் இருக்கிறது. மார்ச் 21 வாக்கில் உச்சிச் சூரியன் ஏறத்தாழ 80 டிகிரியில் நிற்கும். சமதரைக்கே 98 சதவீதம் வந்துவிடுகிறது. தை மாதத்தில் மட்டும் தெற்கு பார்த்த சரிவுக்குக் கொஞ்சம் லாபம் உண்டு. சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் தலைக்கு மேல் வந்து, அதன்பிறகு வடக்கே நகர்ந்துவிடும். மே மாதக் கடைசியில் தெற்கு பார்த்த 30 டிகிரி சரிவுக்கு உச்சியில் ஏறத்தாழ 75 சதவீதம்தான், சமதரைக்கு 98. அதாவது பழம் பழுக்க வேண்டிய நேரத்தில் சரிவு நமக்கு வெயிலைக் குறைக்கிறது.

ஆகவே மோசெல்காரர் எதற்காகச் சரிவில் ஏறினாரோ அந்தக் காரணம் இங்கே கிடையாது. சரிவின் கஷ்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. வண்டி ஏறாது, மருந்து அடிப்பதும் கவாத்து செய்வதும் அறுவடையும் எல்லாம் கையால்தான். இத்தாலியின் ஆவோஸ்தா பகுதியில் செர்விம் என்று ஓர் அமைப்பு 1987 முதல் இயங்குகிறது. 30 சதவீதத்துக்கு மேல் சரிவு, 500 மீட்டருக்கு மேல் உயரம், படிக்கட்டு நிலம், சிறு தீவு ஆகிய இடங்களில் நடக்கும் திராட்சை விவசாயத்தை அவர்கள் "வீர விவசாயம்" என்று அழைக்கிறார்கள். செலவு கட்டுப்படியாகாமல் மக்கள் கைவிட்டுப் போகிறார்கள் என்பதால்தான் அப்படி ஒரு அமைப்பே தேவைப்பட்டது. வால்பாறையில் தேயிலை பறிக்கவே ஆள் கிடைக்காமல் வடமாநிலத்திலிருந்து வரவழைக்கிறார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உயரம் எதற்கு?

உயரம் வேறு கதை. இதில் நமக்கு நிஜமாகவே லாபம் இருக்கிறது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குளிரும். பொள்ளாச்சி சுமார் 290 மீட்டர், வால்பாறை சுமார் 1,100 மீட்டர். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் 5 டிகிரி இறங்கிவிடும். ஒயினுக்கு இந்த 5 டிகிரி முக்கியம். திராட்சையில் இருக்கும் புளிப்பில் ஒரு பகுதி மாலிக் அமிலம். இரவு சூடாக இருந்தால் கொடி மூச்சு விடும்போது அந்த அமிலத்தைத் தின்றுவிடும். சர்க்கரை ஏறும், புளிப்பு போய்விடும். அப்படிப்பட்ட பழத்தில் செய்யும் ஒயின் சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெடவும் செய்யும். தோலின் நிறமும் அதிக வெப்பத்தில் சரியாக ஏறாது. உயரத்தில் இரவு குளிரும். புற ஊதாக் கதிர் கூடுதலாக விழுவதால் தோல் தடித்து நிறம் ஏறும்.

அர்ஜென்டினாவின் சால்டா மாகாணத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். 26 டிகிரி தெற்கில், நல்ல வெயில் நாடுதான். ஆனால் கஃபாயேத்தே ஊர் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மாகாணத்தில் 3,000 மீட்டருக்கு மேலேயும் தோட்டம் உண்டு. அவர்கள் மேலே ஏறியது குளிரைத் தேடி. கவனியுங்கள், அங்கே கொடிகள் பெரும்பாலும் பள்ளத்தாக்கின் சமமான தரையில்தான் நிற்கின்றன. உயரம் வேண்டும், சரிவு வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. இன்னொன்று, கஃபாயேத்தேயில் ஆண்டு மழை 200 மி.மீ. அளவுதான்.

மழைதான் விஷயம்

வால்பாறைப் பீடபூமியில் ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு, நடுவில் பனிமூட்டம்.

திராட்சையின் பெரிய எதிரி அடிச்சாம்பல் நோய். இலை சில மணி நேரம் ஈரமாக இருந்து வெப்பநிலை 20 டிகிரி வாக்கில் நின்றால் அதற்குப் போதும். வால்பாறையில் வருடத்தில் ஏழு மாதம் இந்த நிலைமைதான். பிரான்சில் இந்த நோய்க்காகத்தான் 1885-ல் மில்லார்டே என்ற தாவரவியலாளர் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அறிமுகப்படுத்தினார். இன்று நம்மூர்ப் பாக்குத் தோப்பிலும் காப்பித் தோட்டத்திலும் அடிக்கிற அதே கலவை. ஆனால் தினமும் மழை பெய்தால் அடித்த மருந்து நிற்காது. கழுவிக்கொண்டு ஓடையில் போகும், அங்கிருந்து அணைக்குப் போகும்.

நோயைவிட எனக்கு அதிர்ச்சியாக இருந்தது இன்னொரு விஷயம். திராட்சையில் அடுத்த காய்ப்புக்கான குலை, முந்தைய பருவத்திலேயே மொட்டுக்குள் உருவாகிவிடுகிறது. அடிக்கவாத்து செய்து புதுக் குச்சி வளரும் முதல் இரண்டு மாதத்தில் அந்த மொட்டுக்கு நல்ல வெயில் வேண்டும். வெயில் இல்லாவிட்டால் மொட்டில் குலைக்குப் பதிலாகப் பற்றுக்கம்பி உருவாகும். கொடி பச்சைப்பசேல் என்று படரும், குலை இருக்காது.

இதை நாட்காட்டியில் வைத்துப் பார்ப்போம். மகாராஷ்டிரத்தில் ஏப்ரலில் அடிக்கவாத்து. ஏப்ரல், மே வெயிலில் மொட்டு உருவாகிவிடும். செப்டம்பர், அக்டோபரில் காய்க்கவாத்து; பழம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காற்றில் பழுக்கும். நமக்கு அக்டோபரில் காய்க்கவாத்து செய்தால் பூ வடகிழக்குப் பருவமழையில் மாட்டும். அதனால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோடைக் காய்ப்புக்கு டிசம்பர், ஜனவரியில் கவாத்து செய்து ஏப்ரல், மேயில் பறிக்கச் சொல்கிறது. சமவெளிக்கு இது சரி. மலையில் குளிரால் பழுப்பது தாமதமாகும். அறுவடை மே கடைசிக்குத் தள்ளிப்போகும். ஜூன் முதல் வாரம் மழை. பறித்த பிறகு அடிக்கவாத்து செய்தால், மொட்டுக்கு வெயில் வேண்டிய அந்த இரண்டு மாதமும் வால்பாறை மேகத்துக்குள் இருக்கும். கவாத்தை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஏதாவது ஒரு கட்டம் மழையில் மாட்டுகிறது.

மண்ணையும் சொல்ல வேண்டும். தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண், கார அமிலநிலை 4.5 முதல் 5.5 வரை. திராட்சைக்கு 6.5-க்கு மேல் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போட்டு ஏற்றலாம், ஆனால் இவ்வளவு மழையில் அது மறுபடி இறங்கும். தேயிலைச் செடி நெருக்கமாக நின்று தரையை மூடிக்கொள்கிறது. திராட்சை வரிசைகளுக்கு நடுவே தரை திறந்து கிடக்கும். ஒரே நாளில் 100 மி.மீ. கொட்டுகிற சரிவில் திறந்த மண் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மழை மறையும் பக்கம்

இதற்காக ஆனைமலையில் திராட்சையே ஆகாது என்று முடித்துவிட முடியாது. மலைக்கு இரண்டு பக்கம் இருக்கிறதல்லவா? மேற்கிலிருந்து வரும் மேகம் மேலே கொட்டிவிட்டுக் கிழக்கே காலியாகத்தான் இறங்கும். உடுமலையிலிருந்து அமராவதி தாண்டிச் சின்னாறு போனால் மழை 500 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது; கள்ளியும் உடைமரமும் நிற்கிற காடு. அதற்கு மேலே மறையூர், காந்தளூர். கேரள எல்லைக்குள் இருந்தாலும் பேச்சு தமிழ்தான், அஞ்சுநாடு என்பார்கள். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் காந்தளூரில் ஆப்பிளும் பிளம்ஸும் காய்க்கின்றன. உயரமும் ஓரளவு மழைமறைவும் சேர்ந்து கிடைக்கிற துண்டு ஆனைமலைத் தொகுதியில் அதுதான். ஆனால் அது சின்னத் துண்டு, சுற்றிலும் சரணாலயமும் சந்தனக் காடும். பெரிய தோட்டம் போட அங்கே இடம் இல்லை, இருக்கவும் கூடாது என்பது என் எண்ணம்.

இந்தியாவில் ஒயின் திராட்சை வெற்றி பெற்ற இடங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். சஹ்யாத்ரி மலைமேல் இருக்கிற இகத்புரியில் 3,000 மி.மீ.க்கு மேல் மழை. கிழக்கே கொஞ்ச தூரத்தில் நாசிக்கில் 700 சொச்சம். தோட்டங்கள் அந்தக் கிழக்குப் பீடபூமியில், 600 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. குரோவர் நிறுவனம் 1988-ல் கொடி நட்டது "நந்தி மலை" என்று சொல்லப்பட்டாலும், நட்ட இடம் மலையடிவாரத்துச் சமதரைதான், 900 மீட்டர் வாக்கில்.

நம் கம்பம் பள்ளத்தாக்கும் இதையேதான் செய்தது. மேலே ஏலக்காய் மலை மழையை வாங்கிக்கொள்ள, கீழே மழைமறைவில், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில், பந்தலில் பன்னீர் திராட்சை. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருடம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். கம்பத்துக்காரர் கண்ணெதிரே மலை இருந்தும் சரிவில் ஏறவில்லை.

ஏறிப் பார்த்தவர்கள்

வெப்பமண்டலத்தில் மழை மலையில் ஏறிப் பார்த்தவர்களும் உண்டு. நம் ஆட்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன ரீயூனியன் தீவில், சிலாவோஸ் என்று எரிமலைக் குழிக்குள் ஓர் ஊர். 1,200 மீட்டர் உயரம், போகிற பாதையில் 400 வளைவு. நம் 40 வளைவெல்லாம் விளையாட்டு. அங்கே பந்தலில் இசபெல் என்ற ரகத்தை வளர்த்தார்கள். அமெரிக்கக் காட்டுத் திராட்சைக் கலப்பு என்பதால் பூசண நோயைத் தாங்கும். நம்மூரில் சாறு பிழிகிற பெங்களூர் நீலமும் அதே வம்சம்தான். ஆனால் அந்த ரகத்தின் ஒயினுக்கு ஒரு தனி வாசம் உண்டு, பலருக்குப் பிடிக்காது. பிரான்ஸ் 1930-களிலேயே அதை ஒயினுக்குத் தடை செய்தது. பின்னாளில் சிலாவோஸில் ஐரோப்பிய ரகங்களும் நட்டார்கள். அறுவடை ஜனவரி வாக்கில், புயல் மாதமும் அதேதான். இன்றும் அது சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகும் சிறு உற்பத்திதான். முடியாது என்றில்லை, அதை நம்பி ஒரு வட்டாரமே பிழைக்க முடியாது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பாடம்.

பணக் கணக்கு

பன்னீர் திராட்சை ஏக்கருக்கு ஆண்டில் 12 டன் வரை வரும் என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகக் கணக்கு. நல்ல ஒயின் திராட்சையில் 3, 4 டன்னோடு நிறுத்திவிடுவார்கள். காய் குறைந்தால்தான் சர்க்கரையும் மணமும் ஏறும். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால். 12 சதவீதம் வேண்டுமென்றால் 200 கிராமுக்கு மேல் தேவை. விளைச்சல் மூன்றில் ஒரு பங்கு என்றால் விலை மூன்று மடங்கு கிடைத்தால்தான் சமம். அந்த விலையைக் கொடுக்கப் பக்கத்தில் ஒயின் ஆலை வேண்டும், பறித்த அன்றே போய்ச் சேர வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2001-ல் அரசு தனிக் கொள்கை கொண்டுவந்து வரிச்சலுகை கொடுத்த பிறகுதான் ஆலைகள் பெருகின. இங்கே 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் போட்டாலும் குற்றம். வாங்க ஆள் இல்லாத ஒயின் திராட்சையைச் சந்தையில் பழமாகவும் விற்க முடியாது. சின்னக் காய், தடித்தோல், உள்ளே விதை.

பிறகு யானை. கரடி, குரங்கு, மைனா, வௌவால் எல்லாம் வரும். பழுத்த திராட்சை மணம் காட்டோரத்தில் எத்தனை தூரம் போகும் என்று அங்கே இருக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு

யாராவது உங்களிடம் மலைச்சரிவில் ஒயின் திராட்சை என்று சொன்னால், நிலத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று, அந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள மழைமானியின் பத்து வருட மாதக் கணக்கு. காய் நிறம் மாறுவதிலிருந்து அறுவடை வரை ஒன்றரை மாதம் காய்ந்து கிடக்கிறதா? கவாத்துக்குப் பிறகு இரண்டு மாதம் வெயில் இருக்கிறதா? இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மேற்கொண்டு பேச வேண்டாம்.

இரண்டு, மண் பரிசோதனை. கார அமிலநிலை 6-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்புச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்று, நிலம் ஹாக்கா எல்லையில் வருகிறதா, 1955-ஆம் வருட மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறதா, யானை வழித்தடத்தில் இருக்கிறதா. மரம் வெட்டவே அனுமதி வாங்க வேண்டிய நிலத்தில் தோட்டம் போடுகிறேன் என்று இறங்கக்கூடாது.

நான்கு, வாங்குபவர் யார், என்ன சர்க்கரை அளவுக்கு என்ன விலை என்று எழுத்தில் இருக்கிறதா. வாய்ப்பேச்சு போதாது.

திராட்சைமேல்தான் ஆசை என்றால், சமதரையில், கிழக்கே உடுமலைப் பக்கம் மழை குறைந்த இடத்தில், பத்துப் பன்னீர் கொடியைப் பந்தலேற்றி இரண்டு வருடம் பாருங்கள். கம்பத்துக்கு ஒருமுறை போய், மழை மாதத்தில் அங்கே எத்தனை தடவை மருந்து அடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். அந்தச் செலவைத் தாங்க முடியும் என்று தோன்றினால் பதினொன்றாவது கொடியை நடலாம். தோப்பு போன துக்கத்தில் இருக்கிற ஒருவர் மிச்சமிருக்கும் பணத்தையும் மழைச்சரிவில் கொட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான்.